தாயின் உயிரும் தாயின் முடிவும்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் பழைய பாதையோரங்களில் சுமைதாங்கிக் கற்களை இன்றும் காணலாம். இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தி, தலைச்சுமையோடு வருவோர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி இளைப்பாறும்படி அமைத்திருப்பார்கள். அவற்றுள் பல, வயிற்றில் பிள்ளையோடு உயிர் நீத்த பெண்களின் நினைவாக நாட்டப்பட்டவை. தன் சுமையை இறக்காமலே போய்விட்டவளுக்கு, பிறர் சுமையை இறக்க உதவும் கல்லே ஆறுதல் தரும் என்று நம் முன்னோர் நம்பினர். அக்காலத்தில் அவ்வாறு கல் நாட்டுவதைத் தவிர ஊரார் செய்யக்கூடியது வேறு அதிகம் இருக்கவில்லை. இன்று அந்நிலை மாறிவிட்டது. அவள் உயிரோடிருக்கும்போதே ஊரார் செய்யக்கூடியவை பல உண்டு.

கர்ப்பம் நோயன்று, ஆயினும் சில பெண்களுக்கு அதுவே உயிருக்கு ஆபத்தாக முடிவதுண்டு. அத்தகைய நிலையில், “இக்கருவைச் சுமப்பது உனக்கு ஆபத்து, கலைத்துவிடுவது நல்லது” என்று டாக்டர் யோசனை கூறலாம். பெண்ணோ, “எனக்கு இந்தக் குழந்தை வேண்டும்” என்று மறுக்கலாம். அப்போது முடிவு செய்ய வேண்டியவர் யார்? கணவனா, மாமியாரா, டாக்டரா, சர்க்காரா? அவள் மறுத்துவிட்டால் அதன்பின் மற்றவர்களுடைய கடமை என்ன? குடும்பத்திற்குள் மட்டும் பேசப்பட்டுவந்த இக்கேள்விகளுக்கு விடையை ஊராட்சிப் பொறுப்பில் உள்ளவர்களும் விவசாயக் குடும்பத்தினரும் அறிந்திருப்பது அவசியமாகும்.

ஆபத்து எங்கிருந்து வருகிறது?

2018 முதல் 2020 வரையிலான கணக்கின்படி, ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறக்கையில் இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தனர். தமிழ்நாட்டில் இத்தொகை 54, அண்டை மாநிலமான ஆந்திரப் பிரதேசத்தில் 45, கேரளத்தில் 19. நாம் வெகுதூரம் முன்னேறியிருக்கிறோம் என்பதையும், இன்னும் போகவேண்டிய தூரம் உண்டு என்பதையும் இவ்வெண்கள் ஒருங்கே காட்டுகின்றன.

இம்மரணங்களுக்கு முக்கியக் காரணங்கள் சிலவே. பிரசவத்தின்போதும் அதன் பின்னும் ஏற்படும் அளவு கடந்த ரத்தப்போக்கு ஒன்று. ரத்த அழுத்தம் மிகுந்து வலிப்பு காண்பது மற்றொன்று. கிருமி தொற்றி உடல் முழுவதும் பரவுவது மூன்றாவது. ரத்தசோகை இவை ஒவ்வொன்றையும் மேலும் கொடியதாக்குகிறது. கர்ப்பிணியின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை என்றும், 7 கிராமுக்கும் கீழே போனால் கடுமையான ரத்தசோகை என்றும் கொள்வர். நல்ல ரத்தம் உள்ளவள் தாங்கிக்கொள்ளும் ரத்தப்போக்கு, ரத்தசோகை உள்ளவளைக் கொன்றுவிடும்.

இவற்றுடன், முன்பே உடலில் மறைந்திருக்கும் நோய்களும் உண்டு. அவற்றுள் இருதய நோய் முதன்மையானது. சிறு வயதில் மூட்டு வீக்கத்தோடு வரும் ஒருவகைக் காய்ச்சல் இருதயத்தின் வால்வைச் சுருங்கச் செய்துவிடுகிறது. அப்பெண் வளர்ந்து, வயலில் நாற்று நட்டு, களை எடுத்து, குறையேதும் அறியாமல் வாழ்ந்து வரலாம். ஆனால் கர்ப்ப காலத்தில் உடலில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகப் பெருகுகிறது. குறுகிய மதகின் வழியே பெருவெள்ளம் பாய முயன்றால் என்ன நேருமோ அதுவே அப்போது நேருகிறது. நீர் பின்வாங்கி நுரையீரலில் தேங்குகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. ஏழாம் எட்டாம் மாதங்களும், பிரசவ நேரமும், பிரசவத்திற்குப் பிந்திய முதல் சில நாட்களும் இத்தகையவளுக்கு மிகவும் ஆபத்தானவை. நுரையீரலுக்குச் செல்லும் குழாய்களில் ரத்த அழுத்தம் கடுமையாக மிகுந்துள்ள பெண்களுக்கு ஆபத்து இதனினும் அதிகம். அவர்கள் கருத்தரிக்கவே வேண்டாமென்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள்.

முன்னாளில் முடிவு செய்தவர் யார்?

1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்றைத் தமிழ்நாட்டு மருத்துவ வரலாறு மறக்கவில்லை. ஜான் ஸ்கடர் என்னும் அமெரிக்க மிஷன் டாக்டரின் வீட்டிற்கு ஒரே இரவில், ஒருவர் பின் ஒருவராக, மூன்று கணவன்மார்கள் வந்தார்கள். மூவருடைய மனைவிமாரும் பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். டாக்டர் வரத் தயாராக இருந்தார். ஆனால் ஆண் மருத்துவர் தம் மனைவியைத் தொடுவதற்கு மூவருமே இசையவில்லை. டாக்டரின் மகள் ஐடாவை அழைத்தார்கள். அவரோ மருத்துவம் படித்தவரல்லர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டனர். அம்மூன்று சாவுகளே ஐடா ஸ்கடரை மருத்துவம் படிக்கச் செய்தன. 1900-ல் அவர் வேலூரில் தொடங்கிய சிறு மருத்துவ நிலையமே பின்னர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சிகிச்சை வேண்டாம் என்று மறுத்தவர்கள் அப்பெண்கள் அல்லர். அவர்களை ஒருவரும் கேட்கவே இல்லை. வாசலில் நின்று பேசியவர்கள் ஆண்கள். உயிரை இழந்தவர்கள் உள்ளே படுத்திருந்த பெண்கள். காலம் மாறியும் இம்முறை முற்றிலும் மாறிவிட்டதென்று சொல்வதற்கில்லை.

சட்டம் கூறுவது என்ன?

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படி, தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருவைக் கலைப்பது குற்றமாக இருந்தது. இதனால் பெண்கள் மறைவாக எருக்கங்குச்சியையும் பச்சிலையையும் நாடி, கிருமி தொற்றி மாண்டனர். இந்நிலையை ஆராய 1964-ல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கையின் பயனாக 1971-ல் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அச்சட்டம் 2021-ல் பெரிய அளவில் திருத்தப்பட்டது.

இன்றுள்ள சட்டப்படி, கர்ப்பத்தால் பெண்ணின் உயிருக்கு ஆபத்தோ, உடலுக்கோ மனத்துக்கோ கடுமையான தீங்கோ நேரக்கூடுமென்று கருதினால், 20 வாரம் வரை தகுதி பெற்ற ஒரு டாக்டரின் கருத்தின்பேரில் கருவைக் கலைக்கலாம். 20 முதல் 24 வாரம் வரை, விதிகளில் குறிப்பிட்ட சில பிரிவுப் பெண்களுக்கு, இரண்டு டாக்டர்களின் கருத்து வேண்டும். சிசுவுக்குக் கடுமையான ஊனம் இருப்பதாக மருத்துவ வாரியம் கூறினால் அதற்குப் பின்னரும் அனுமதி உண்டு. தாயின் உயிரைக் காக்க உடனே கலைத்தாக வேண்டுமென்று டாக்டர் கருதினால், இந்த வார வரம்பு தடையாகாது.

எல்லாவற்றிலும் முக்கியமான விதி, பெண்ணின் சம்மதமின்றிக் கருவைக் கலைக்கக் கூடாது என்பதாகும். பதினெட்டு வயது நிரம்பிய, மனநோய் இல்லாத பெண்ணானால் அவளுடைய சம்மதம் ஒன்றே போதும். கணவனுடைய கையெழுத்தையோ மாமனார் மாமியாருடைய அனுமதியையோ சட்டம் கேட்கவில்லை. பதினெட்டு வயது நிரம்பாதவளுக்கும் மனநோய் உள்ளவளுக்கும் பாதுகாவலரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அவளுடைய பெயரையும் விவரத்தையும் வெளியிடுவது குற்றமாகும். கருவில் இருப்பது பெண் குழந்தை என்பதற்காகக் கலைக்கச் சொல்வதற்கு இச்சட்டத்தில் இடமில்லை. கருவின் பாலினத்தைக் கண்டு சொல்வதையே 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துள்ளது.

மறுக்கும் உரிமை

கலைக்கக் கேட்கும் உரிமையைப் பற்றி ஓரளவு பலரும் அறிவர். கலைக்க மறுக்கும் உரிமையும் அதற்குச் சமமானதே என்பதைச் சிலரே அறிவர். 2009-ல் சண்டிகரிலிருந்து உச்ச நீதிமன்றத்திற்கு ஒரு வழக்கு வந்தது. சர்க்கார் காப்பகத்தில் இருந்த, அறிவு வளர்ச்சி சற்றுக் குன்றிய ஓர் இளம்பெண் அங்கே பலாத்காரத்திற்கு ஆளாகிக் கருவுற்றாள். கருவைக் கலைக்க நிர்வாகம் விரும்பியது. உயர் நீதிமன்றமும் அனுமதித்தது. அப்பெண்ணோ குழந்தை வேண்டுமென்றாள். அவள் சம்மதமின்றிக் கலைக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளையைப் பெறுவதும் பெறாதிருப்பதும் பெண்ணின் தனி உரிமையைச் சேர்ந்தவை என்பது அத்தீர்ப்பின் சாரம். அறிவு வளர்ச்சி குன்றிய பெண்ணின் சொல்லுக்கே அத்துணை மதிப்பு உண்டென்றால், நம் வீட்டுப் பெண்ணின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு இருக்க வேண்டும்!

உயிருக்கே ஆபத்து என்று அறிந்தும் மறுத்த ஒரு பெண்ணின் வரலாறு இத்தாலி நாட்டில் உண்டு. ஜியன்னா பெரெட்டா மொல்லா என்பவர் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். மூன்று குழந்தைகளின் தாய். 1961-ல் நான்காவது குழந்தையைச் சுமந்திருந்தபோது அவருடைய கருப்பையில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. கருப்பையையே எடுத்துவிடலாம், கருவைக் கலைக்கலாம், அல்லது கருவை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் அகற்றலாம். மூன்றாவது வழியில் குழந்தைக்குப் பாதுகாப்பு உண்டு. தாய்க்குப் பின்னால் ஆபத்து உண்டு. அவர் அதையே தேர்ந்தெடுத்தார். 1962 ஏப்ரல் 21-ல் அறுவை முறையில் பெண் குழந்தை பிறந்தது. வயிற்றில் கிருமி தொற்றி, ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 28-ல் அவர் இறந்தார். 2004-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

இவ்வரலாற்றைக் காட்டி, எல்லாப் பெண்களும் இவ்வாறே செய்ய வேண்டுமென்று கூறுவது தவறு. நான்கு சிறு குழந்தைகளை விட்டுப் போகத் துணிந்தாரே என்று அவரைக் குறை கூறுவதும் தவறு. நாம் அறிய வேண்டியது வேறு. அவர் டாக்டர், தமக்கு நேரக்கூடியது இன்னது என்று முழுதும் அறிந்திருந்தார். முடிவு அவருடையது; எவரும் அவரை வற்புறுத்தவில்லை. மறுத்த பின் அவர் வீட்டில் முடங்கிவிடவும் இல்லை. கட்டிக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, ஆஸ்பத்திரியிலேயே பிள்ளை பெற்றார். அறிந்து, தானே துணிந்து, மருத்துவத்தை விடாமல் எடுத்த முடிவே முடிவென்று சொல்லத்தக்கது.

கருக்கலைப்பை மறுப்பது சிகிச்சையை மறுப்பதன்று

நம் கிராமங்களில் நேரும் பெருந்தவறு இங்கேதான் உள்ளது. ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். மணமாகிப் பல ஆண்டுகள் பிள்ளையில்லாத பெண் ஒருத்தி கருவுறுகிறாள். மூன்றாம் மாதத்தில் அவளைச் சோதித்த டாக்டர், இருதய வால்வு சுருங்கியிருப்பதாகவும் கலைத்துவிடுவது நல்லதென்றும் கூறுகிறார். அவள் அழுது மறுக்கிறாள். வீட்டார் அவளை அழைத்து வந்துவிடுகிறார்கள். மறுபடி போனால் கலைக்கச் சொல்வார்கள் என்ற அச்சத்தால் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள். எட்டாம் மாதத்தில் ஓரிரவு மூச்சு முட்டுகிறது. அதன்பின் வண்டி தேடுகிறார்கள்.

அவள் மறுத்தது கருக்கலைப்பை மட்டுமே. மருந்தையோ, சோதனையையோ, டாக்டரையோ அவள் மறுக்கவில்லை. அச்சத்தால் அவற்றையும் சேர்த்து இழந்துவிட்டாள். உண்மையில் அவளுக்குச் செய்யக்கூடியவை பல இருந்தன. சுருங்கிய வால்வைக் கர்ப்ப காலத்திலேயே, மார்பைக் கிழிக்காமல், மெல்லிய குழாயின் வழியே பலூனைச் செலுத்தி விரிவாக்கும் சிகிச்சை பெரிய மருத்துவமனைகளில் உண்டு. ரத்தசோகையைப் போக்கலாம். வேலையைக் குறைத்து ஓய்வு தரலாம். இருதய டாக்டரும் பிரசவ டாக்டரும் மயக்க டாக்டரும் ஒருங்கே இருக்கும் மருத்துவமனையில் முன்கூட்டியே சேர்க்கலாம். இவையெல்லாம் செய்தாலும் ஆபத்து முழுவதும் நீங்கிவிடாது. ஆனால் பெரிதும் குறையும்.

ஆதலால், கலைக்க மறுத்த பெண்ணுக்கு டாக்டர் சலித்துக்கொள்வதும் வீட்டார் ஒளித்து வைப்பதும் ஒன்றுக்கொன்று குறைந்த தவறுகளல்ல. மறுத்தவளுக்கே கூடுதலான கவனிப்பு வேண்டும். அவள் மனம் மாறி, சட்டம் இடந்தரும் காலத்திற்குள் கலைத்துக்கொள்ள விரும்பினால், அதற்காக அவளைப் பழிக்கவும் கூடாது. நாள் கடந்து கலைப்பது, தொடக்கத்தில் கலைப்பதைவிட ஆபத்து மிக்கது. ஆகையால் எந்த முடிவாயினும் முதல் மூன்று மாதங்களுக்குள் எடுக்கும்படி வழி செய்வதே நல்லது.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

சில நிலைகளில் காத்திருப்பதால் குழந்தையும் பிழைப்பதில்லை, தாயும் பிழைப்பதில்லை. கரு கருப்பைக்குள் தங்காமல் வெளியே, சினைக்குழாயில் வளர்ந்துவிடுவது அவற்றுள் ஒன்று. அக்கரு குழந்தையாக வளர வழியே இல்லை. குழாய் வெடித்தால் வயிற்றுக்குள் ரத்தம் பெருகி, சில மணி நேரத்தில் தாய் இறக்க நேரிடும். நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் கடும் வலியும் மயக்கமும் கண்டால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது.

மற்றொன்று, மாதம் நிறையுமுன் பனிக்குடம் உடைந்து கிருமி தொற்றுவது. கர்நாடக மாநிலம் பெலகாவியிலிருந்து அயர்லாந்து சென்று வாழ்ந்த பல் டாக்டர் சவிதா ஹலப்பனவருக்கு நேர்ந்தது இதுவே. 2012 அக்டோபர் 21-ல், 17 வாரக் கர்ப்பத்தோடு கால்வே நகர மருத்துவமனையில் அவர் சேர்க்கப்பட்டார். குழந்தை பிழைக்காது என்று தெரிந்தபின், கருவைக் கலைக்கும்படி அவரே கேட்டார். சிசுவின் இருதயம் துடித்துக்கொண்டிருந்ததால், அந்நாட்டுச் சட்டத்தைக் கருதி, கோரிக்கை மறுக்கப்பட்டது. கிருமி ரத்தத்தில் பரவி, அக்டோபர் 28-ல், தமது 31-ஆம் வயதில் அவர் இறந்தார். அந்நாட்டு மக்கள் இதைக் கண்டு கொதித்தெழுந்தனர். 2018 மே 25-ல் நடந்த பொது வாக்கெடுப்பில், கருக்கலைப்பைத் தடுத்த அரசியல் சட்டப் பிரிவை நீக்கும்படி மக்கள் பெரும்பான்மையாக வாக்களித்தனர்.

ஜியன்னா கலைக்க வேண்டாம் என்றார். சவிதா கலைத்துவிடுங்கள் என்றார். இருவரும் இறந்தனர். எனினும் இரண்டும் ஒன்றல்ல. ஒருவர் இறந்தது தாம் தேர்ந்த வழியில். மற்றவர் இறந்தது பிறர் தேர்ந்த வழியில். நம் நாட்டுச் சட்டம் இரண்டாவது நிலை வராதபடி இடந்தந்திருக்கிறது. அதை டாக்டர்களும் மக்களும் அறிந்திருந்தால்தான் பயன் உண்டு.

ஊராட்சி செய்யக்கூடியவை

திருவாலங்காடு ஒன்றியத்தை எடுத்துக்கொள்வோம். நடராசப் பெருமானின் ஐந்து சபைகளுள் ரத்தின சபை அமைந்த தலம் இது. தம் வாழ்வின் வழியைத் தாமே தேர்ந்துகொண்ட காரைக்காலம்மையாரை வணங்கும் ஊர் இது. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே தெலுங்கு பேசும் குடும்பங்கள் இப்பக்கத்தில் ஏராளம். கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இங்கு இருப்பதால் கரும்புச் சாகுபடியும் மிகுதி. இத்தகைய வட்டாரத்தில் ஊராட்சிப் பொறுப்பில் உள்ளோர் கவனிக்க வேண்டியவை பின்வருமாறு.

முதலாவது, கர்ப்பம் என்று தெரிந்தவுடன், மூன்று மாதத்திற்குள், கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்ய வேண்டும். ரத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை, இருதயம் ஆகியவற்றின் குறைகள் அப்போதுதான் வேளையோடு தெரியவரும். கரும்பு வெட்டவும் செங்கல் சூளையில் வேலை செய்யவும் வெளியூரிலிருந்து வந்து தங்கும் பெண்கள் இப்பதிவில் விட்டுப்போகிறார்கள். அவர்களையும் சேர்ப்பது ஊராட்சியின் பொறுப்பாகும்.

இரண்டாவது, ஆபத்தான கர்ப்பம் என்று டாக்டர் கூறினால், அதை அப்பெண்ணிடமே, அவளுக்குப் புரியும் மொழியில், தமிழோ தெலுங்கோ, சொல்லும்படி கேட்க வேண்டும். கணவனிடம் மட்டும் சொல்லி அனுப்பினால் போதாது. ஆபத்து எத்தகையது, கலைத்தால் என்ன நேரும், கலைக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் அவள் அறிய வேண்டும். சிறிது நேரம் செவிலியரோடு தனித்துப் பேசவும் அவளுக்கு வாய்ப்பு வேண்டும். பல பெண்கள் தம் உள்ளத்தில் உள்ளதை மாமியார் முன்னிலையில் சொல்வதில்லை.

மூன்றாவது, கர்ப்பத்தைத் தொடர்வதென்று அவள் முடிவு செய்தால், எங்கே பிரசவம், எந்த வாரத்தில் சேர்ப்பது, உடன் இருப்பவர் யார், ரத்தம் கொடுப்பவர் யார், மூத்த குழந்தைகளையும் மாடு கன்றையும் பார்த்துக்கொள்பவர் யார் என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து திருத்தணி அரசு மருத்துவமனைக்கோ, 2022-ல் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனைக்கோ அனுப்புவதானால், அது நோய் முற்றிய இரவிலன்றிப் பகலில், திட்டமிட்டு நடக்க வேண்டும். அவசரத்திற்கு 108 வண்டி உண்டு. அவ்வண்டி வீட்டு வாசல் வரை வரும்படி தெருப்பாதையைச் செப்பனிட்டு வைப்பது ஊராட்சியின் வேலை.

நான்காவது, எந்தப் பெண்ணின் கர்ப்பத்தைப் பற்றியும் கிராம சபையிலோ திண்ணையிலோ பேசலாகாது. பேச வேண்டியவை சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கிறாரா, இரும்புச்சத்து மாத்திரை தடையின்றிக் கிடைக்கிறதா, வண்டி நேரத்திற்கு வருகிறதா என்பனவே. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. பெண் உறுப்பினர்கள் இப்பொறுப்பை ஏற்றுக்கொண்டால் மற்றப் பெண்கள் தயக்கமின்றி அணுகுவார்கள்.

ஐந்தாவது, கடுமையான தலைவலி, கண் மங்கல், முகம் வீங்குதல், மேல்வயிற்று வலி, ரத்தப்போக்கு, நீர் உடைதல், காய்ச்சல், மூச்சுத் திணறல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை ஆண்களும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். வீட்டில் வண்டியையும் பணத்தையும் கையில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே அல்லவா?

பயிர் வைப்பதா வேண்டாமா என்பதை நிலத்திற்குரிய விவசாயியே முடிவு செய்கிறான். வைத்த பின் நீரும் உரமும் வேளையோடு கிடைக்கச் செய்வது ஊரின் பொறுப்பாகிறது. கருவைச் சுமப்பதா வேண்டாமா என்பது சுமப்பவளின் முடிவு. அவள் எந்த முடிவை எடுத்தாலும் அவள் உயிரைக் காப்பது குடும்பத்தின் கடமை, மருத்துவமனையின் கடமை, ஊராட்சியின் கடமை. இந்த மாதம் நம் ஊரில் கருவுற்றிருக்கும் பெண்கள் யார் யார், அவர்களுள் பதிவு செய்யாதவர் எவர் என்று செவிலியரிடம் கேட்டறிவதிலிருந்து இக்கடமையைத் தொடங்கலாம்.